டேப் சுற்றிய மட்டை

ஒரே ஆட்டத்தில் அந்த ஹாக்கி அணியின் தடுப்பு மட்டைகள் இரண்டும் முறிந்துபோயின. அன்று மாலையே மட்டைப் பைக்குள் கூட்டம் கூடியது. கோல்கீப்பரின் கால் பேடுதான் அங்கே பெரியவர்.

"கோல் அடிக்கிற தம்பியைப் பக்கத்து அணிக்குக் கொடுத்துட்டு, அங்கேருந்து ஒரு தடுப்பு மட்டையை வாங்கிடுவோம்," என்றது பேடு.

"நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?" என்று கேட்டது கோல் அடிக்கும் மட்டை.

"தப்பில்ல தம்பி. அவங்க கேக்குறது உன்னை மட்டும்தான்."

மற்ற மட்டைகள் பையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டன. பேசினால் தங்கள் பெயரும் அடிபடுமோ என்று பயம்.

மறுநாள் புது மட்டை வந்தது. கழுத்திலிருந்து அடிவரை டேப் சுற்றியிருந்தது.

"ஏம்ப்பா, உடம்பெல்லாம் டேப்பு?"

"குளிருதுண்ணே."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேடு நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தது.

அடுத்த ஆட்டம் அதே பக்கத்து அணியோடு. அவர்களுக்குக் கிடைத்த பெனால்டி கார்னரில் பாய்ந்து வந்த பந்தைப் புது மட்டை குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்தது. டேப்புக்குள் இருந்த பழைய விரிசல் வாய்பிளந்து, மட்டை இரண்டானது. பந்து பேடையும் கிழித்துக்கொண்டு கோலுக்குள் போனது.

"என்னா அடிண்ணே! யாரு அது?" என்று முனகியது புல்லில் கிடந்த பாதி மட்டை.

பஞ்சு பிதுங்கிக் கிடந்த பேடு சொன்னது: "உன்னை வாங்கறதுக்கு நாங்க கொடுத்த தம்பி."