அமலி வீட்டுச் சேவல்

"ஏனுங்க அம்மணி, அந்தச் சேவலை அறுத்துக் கொழம்பு வைக்கறீங்களா, இல்ல நான் கார்ப்பரேசன்ல எழுதிக் குடுக்கட்டுங்களா?"

கேட்டுக்கு வெளியே நின்று ஐயாசாமி போட்ட சத்தம் துடியலூர் மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர். மில்லில் தறி ஓடும் ஷெட்டிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"வெடியால இருட்டோட கூவுதுங்க. மனுசன் தூங்கறதா வேண்டாமா?"

அவர் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து யார் என்று பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கோபம் தலைக்கேறிய மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

"கோவிச்சுக்காதீங்கண்ணா. யாருக்காச்சும் குடுத்துப்போடறேங்க" என்றாள் அமலி. போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தன் பாட்டுக்குத் திட்டித் தீர்த்தார். திட்டு முடிந்த பிறகும் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்று முழங்கால் வலி, கத்தரிக்காய் விலை, குழாயில் வராத தண்ணீர் என்று அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார். அவருக்கு வீட்டில் மனைவி இல்லை. போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

அன்று மகன் மெர்வின் ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டபோது அமலி விஷயத்தைச் சொன்னாள்.

"முட்டைக்குச் சேவல் எதுக்கும்மா? பொட்டைக் கோழிக தன்னால போடுமே."

"சேவல் இருந்தாத்தான் கண்ணு, அதுக பயமில்லாம மேயும்."

"நீ அடையும் வைக்கறதில்ல, குஞ்சும் பொரிக்கறதில்ல. பக்கத்து ஊட்டுக்காரரோட எதுக்கு வம்பு? குடுத்துப்போடும்மா. சரி, மீட்டிங் இருக்குது, வைக்கட்டா?"

வைத்துவிட்டான்.

உண்மையான காரணத்தை மகனிடம் எப்படிச் சொல்வாள்? கணவர் தேவானந்தம் இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் நாலு வார்த்தை, சாயங்காலம் பால் ஊற்ற வரும் செவ்வந்தியிடம் ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். மற்றபடி நாள் முழுக்க அவளிடம் முகம் பார்த்துப் பேசுகிறவர் ஐயாசாமி ஒருத்தர்தான். அதுவும் சேவல் புண்ணியத்தில்.

சேவல் போனால் அவர் எதற்கு வரப்போகிறார்?

சண்டைக்கு வருகிறவருக்காக யாராவது தலை சீவிக்கொண்டு காத்திருப்பார்களா? அமலி காத்திருந்தாள். காலையில் கேட் ஓசை கேட்டால்தான் அவளுக்கு நாளே தொடங்கும்.

ஆனால் மறுநாள் அவர் வந்தபோது கண்கள் ரெண்டும் சிவந்து கிடந்தன. குரலில் வழக்கமான வேகம் இல்லை.

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லீங்க அம்மணி. பிரஷர் ஏறிப்போச்சு. நல்லாத் தூங்கோணும்னு டாக்டர் சொல்றாரு. எங்கீங்க தூங்கறது?"

அமலிக்குச் சுருக்கென்றது. தன் பேச்சுத்துணைக்காக ஒரு வயசாளியைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறோமே, இது எவ்வளவு பெரிய பாவம் என்று அன்றெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

சாயங்காலம் செவ்வந்தி வந்ததும் கேட்டாள்.

"சேவல் ஒண்ணு தாரேன், கொண்டுபோறயா? அறுத்துப்போட மாட்டயே?"

"ஐயோ, இல்லீங்க்கா! எங்க தோட்டத்துல பொட்டைக் கோழிகதான் கெடக்குது. இருந்த சேவலைக் கீரி புடிச்சுப்போட்டுது. ராசாவாட்ட வெச்சுக்கறேன்."

காலைக் கட்டிச் சாக்குப் பைக்குள் விட்டு மொபெட்டில் மாட்டிக்கொண்டாள். வண்டி தெரு முனையில் திரும்பும் வரைக்கும் சேவல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனது. அமலிக்கு அழுகை வந்துவிட்டது. சேவலுக்காக மட்டும் அல்ல.

ஐயாசாமியிடம் போய்ச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கூவல் இல்லாமல் விடிந்தது. அந்தத் தெருவில் கோழி வளர்க்கிறவள் அவள் ஒருத்திதான். வேறு சேவல் சத்தத்துக்கும் வழியில்லை. கூண்டைத் திறந்துவிட்டாள். கோழிகள் நாலும் வாசலுக்கு வந்து, எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேயப் போயின.

அன்றைக்கு அவள் தலை சீவவில்லை. யார் வரப்போகிறார்கள்?

படிக்கட்டில் உட்கார்ந்து காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தபோது கேட் ஓசை கேட்டது.

ஐயாசாமி!

நல்ல மனுஷர், நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று அமலி நினைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டுப் போய்விடுவார், அதோடு எல்லாம் முடிந்தது. கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டுப் பக்கம் போனாள். அவர் கண்கள் நேற்றுப் போலவே சிவந்திருந்தன.

சட்டைப்பையில் போன் அடிப்பதுகூடத் தெரியாமல், கேட் கம்பியை வழக்கம்போல இறுகப் பிடித்துக்கொண்டு, வழக்கமான அதே சத்தத்தில் அவர் சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கும் உங்க சேவல் இருட்டோட கூவி என்னைய எழுப்பி உட்டுப்போட்டுதுங்க!"