பின்னால் ஓர் அடி

டீச்சரம்மா கண்ணுக்கு அந்தச் சலவைக்கூடத்தில் நடனம் தெரிந்தது. அங்கே வேலை பார்த்த ஆறு பெண்களுக்கும் முதுகுவலிதான் தெரிந்தது.

டீச்சரம்மா என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. நடனம் சொல்லிக்கொடுக்கிறவர். உழைப்பவர்களின் அசைவுகளை வைத்து மேடையில் ஒரு நிகழ்ச்சி போடப் போகிறாராம். முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தினமும் காலையில் வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆஸ்பத்திரி விரிப்பை உதறி மடித்தால் கண்ணை மூடி ரசிப்பார். ஒருத்தி ஈரத்துணி வண்டியை இடுப்பால் முட்டித் தள்ளினால், என்ன லயம் என்று உருகிப்போவார்.

"லயமாவது. அந்த வண்டிக்கு ஒரு சக்கரம் சுத்தாது, அதான் இடுப்பைக் கொடுக்கறா" என்று முனகுவாள் பெரியக்கா. நீராவி இஸ்திரி மெஷினில் பதினெட்டு வருஷமாக நிற்பவள்.

அவளிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவளுக்குப் 'புதுசு' என்றே பேராகிவிட்டது. பிள்ளை பெற்று வளர்த்து, முப்பத்தைந்து வயதில் தொழில் கற்க வந்தவள். இரண்டு மாதத்துக்குள் மெஷினைத் தனியாக ஓட்டத் தெரியணும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதல் நாளே முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

வேலை பெரிய வித்தையில்லை. துணியை விரிக்கணும், நீவணும், மூடியை இழுத்து அழுத்தணும், பத்து எண்ணித் திறக்கணும். கஷ்டமெல்லாம் திறக்கிற அந்த நொடியில்தான். இடது காலைப் பின்னால் வைத்து, உடம்பைச் சாய்த்து, முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொள்ளணும். வால்வு தேய்ந்துபோயிருந்ததால் மூடி திறக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் ஆவி புஸ்ஸென்று அடிக்கும். கொஞ்சம் அசந்தால் கை வெந்துவிடும்.

புதுசுக்கு இரண்டு தடவை வெந்திருந்தது.

"காலை முதல்ல எடுடி. மூஞ்சி தானா பின்னாடி வரும்." பெரியக்கா கற்றுக்கொடுத்த பாடமே அதுதான்.

வால்வை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்காதவர்கள் இல்லை. ஆர்டர் போட்டாச்சு, வந்துவிடும் என்பார். துணிக்குப் போடுகிற கஞ்சியிலேயே கஞ்சத்தனம் பார்க்கிற மனுஷன். ஆறு மாதமாக அந்த வால்வும் வந்துகொண்டேதான் இருந்தது.

டீச்சரம்மாவுக்கோ காலைப் பின்னால் வைக்கிற அந்தப் பின்னடி என்றால் உயிர். இது எந்தக் குருவும் சொல்லித்தராத அசைவு, உடம்பே கண்டுபிடித்தது என்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டார்.

ஒருநாள் புதுசு துணிந்து கைக்கட்டை அவிழ்த்துக் காட்டினாள்.

"அது ஆட்டம் இல்லீங்க டீச்சரம்மா, பயம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு."

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "இன்னைக்கே பேசறேம்மா" என்றார்.

பேசவும் செய்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதையும், முதலாளி பூம்பூம் மாடுபோலத் தலையாட்டுவதையும் ஆறு பேரும் பார்த்தார்கள். படித்தவள் படித்தவள்தான் என்று பெரியக்காவே இறங்கிவந்து பாராட்டினாள்.

மறுநாளிலிருந்து டீச்சரம்மா தன் மாணவிகளையும் கூட்டி வந்தார். புதுசு மூடியைத் திறந்து பின்வாங்கினால், சுவரோரம் அவர்களும் ஒரே சீராகப் பின்வாங்கினார்கள். என்ன, அவர்கள் பக்கம் ஆவி இல்லை.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. வால்வு வந்தபாடில்லை. சுவரோரம் அத்தனை பேர் உற்றுப் பார்க்கிற கூச்சத்தில் கால் தடுமாறி, புதுசுக்கு மூன்றாவது தடவையும் வெந்தது. இந்தத் தடவை வலது உள்ளங்கை. கை ஆறும்வரை மெஷின் பக்கம் போகாதே என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு மாதக் கெடுவுக்கு எட்டு நாள்தான் பாக்கி.

அன்று முதலாளிக்கு விழுந்த திட்டை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். டீச்சரம்மா சொல்லியும் அசையவில்லை என்றால் அவன் மனுஷனா, மரக்கட்டையா?

நிகழ்ச்சிக்கு ஆறு பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் புகை வந்தது. மாணவிகள் இடது காலைப் பின்னால் வைத்து, சாய்ந்து, முகம் திருப்பினார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. டீச்சரம்மா மைக்கைப் பிடித்து, இந்த ஆறு பேரும்தான் என் குருமார்கள் என்று தழுதழுத்தார். கட்டுப்போட்ட கையால் தட்ட முடியாமல் புதுசு தலையை ஆட்டிவைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தால், மெஷினடியில் மெக்கானிக் படுத்திருந்தார். பத்தே நிமிஷத்தில் புது வால்வை மாட்டிவிட்டு எழுந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பொட்டு ஆவி இல்லை.

"ஒருவழியா வந்துடுச்சா? டீச்சரம்மா பேசினது வீண்போகலை" என்றாள் புதுசு.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் கட்டைப் பார்த்தார்.

"இது வந்து பதினெட்டு நாளாச்சும்மா. அவங்க பேசின அன்னைக்கு மாட்டத்தான் வந்தேன். முதலாளியும் சரின்னுட்டாரு. அந்தம்மாதான் கெஞ்சி நிறுத்திட்டாங்க, 'என் பொண்ணுங்களுக்கு அந்தப் பின்னடி இன்னும் படியலை, நிகழ்ச்சி முடியற வரைக்கும் மாட்டாதீங்க'ன்னு."