இருபத்தோராவது பெயர்

மூன்று வருஷத்தில் மூன்று கோச்களை வீட்டுக்கு அனுப்பிய ஓனரம்மா, நாலாவது கோச்சைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம ஃபுட்பால் அகாடமிக்கு இந்த வருஷம் இருபது பொண்ணுங்களைத்தான் எடுக்க முடியும். கிளப் நஷ்டத்துல ஓடுது. டிக்கெட் வித்து வர்ற காசு மைதானத்துக்குத் தண்ணி விடக்கூடக் காணாது. இந்தப் பிள்ளைங்களோட சாப்பாடு, படிப்பு, ஷூ எல்லாமே என் டைல்ஸ் கம்பெனிப் பணம். அதை ஞாபகம் வச்சுக்கிட்டு லிஸ்ட் போடுங்க."

"சரிங்கம்மா."

"என் பொண்ணும் செலக்‌ஷனுக்கு வர்றா. தெரியும்ல?"

தெரியாமலா? வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே புல் வெட்டுகிறவர் காதைக் கடித்திருந்தார். "லிஸ்ட் உள்ளே போன மறுநாளே கோச் வெளியே போயிடுவார் சார். எல்லாம் பொண்ணு விஷயம். பார்த்து நடந்துக்குங்க."

அறுபது பெண்கள் வந்தார்கள். ரெண்டு நாள் ஓடவிட்டு, ஆடவிட்டு மார்க் போட்டார் கோச். ஓனரம்மா மகள் ஒன்றும் மோசமில்லை. விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள். ஆனால் இடது காலுக்குப் பந்து வந்தால் மட்டும் தடுமாறினாள்.

கடைசி ஒரு இடம். அதற்கு அவளும், ஒரு வேன் டிரைவரின் மகளும். டிரைவர் மகளிடம் வந்த பந்து, அவள் காலை விட்டுப் போக மனசே இல்லாமல் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் கோச்சின் மனைவி சொன்னாள். "ஒரே ஒரு பேர்தானே? போட்டுத் தொலைங்களேன். நம்ம பசங்களை இப்பதான் இங்க ஸ்கூல்ல சேர்த்திருக்கோம்."

"போட்டா அந்த டிரைவர் மக என்ன செய்வா?"

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, மனசுல பட்டதையே எழுதுங்க. நடக்கறது நடக்கட்டும்" என்றாள்.

மறுநாள் ஓனரம்மா லிஸ்ட்டை மேலிருந்து கீழே படித்தார். அப்புறம் கீழிருந்து மேலே படித்தார்.

"என் பொண்ணு பேரைக் காணோமே?"

"பாப்பா இருபத்தொண்ணாவதா வந்துச்சும்மா. ஒரே ஒரு இடத்துல தவறிப்போச்சு. இடது கால் இன்னும் பழகணும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தாம்மா. தூக்கமே வரல."

ஓனரம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மூணு வருஷமா வந்த கோச் எல்லாம் இவ பேரைத்தான் முதல்ல எழுதிக் கொண்டு வந்தாங்க. நான்தான் அந்தப் பேரையும் அடிச்சேன், அவங்களையும் அனுப்பினேன். வசதியில்லாத பிள்ளைங்களுக்குன்னு நான் வச்ச இடத்தை, எனக்குப் பயந்து எனக்கே தூக்கிக் கொடுத்தா எப்படி?"

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. அவ்வளவு நேரம் வெளியே நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கோச்சுக்குத் தயக்கமாக இருந்தது.

அவளோ ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு அம்மா மேல் பாய்ந்தாள்.

"அறுபது பேர்ல இருபத்தொண்ணாம்மா! எல்லாரும் உனக்காகத்தான் என்னைப் புகழறாங்கன்னுல்ல நினைச்சேன்? எனக்கு நிஜமாவே ஆட வருதும்மா!"