பதினோராம் அறை உயிர்த்தோழிகள்

திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் அவள் முறுக்கை மெல்லுவதை நிறுத்தினாள்.

முகம் பெரிதாக இருந்தது. மூக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

பின்னணியில் வயலின்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கல்லூரிப் பெண்கள் விடுதியின் டிவி கூடம். இடம் போதாமல் ஜன்னல் திட்டிலும் ஆட்கள். போன மாதம் ஒரு வாரம் முழுக்க கேமராவோடு விடுதியைச் சுற்றிவந்த சேனல்காரர்கள், ‘எங்க ஹாஸ்டல்’ நிகழ்ச்சியின் முதல் பகுதியை இன்றுதான் போடுகிறார்கள். ஒத்திகை கிடையாது, நடிப்பு கிடையாது, உள்ளது உள்ளபடி என்று தொடக்கத்திலேயே ஒரு கனத்த குரல் சத்தியம் செய்திருந்தது.

சத்தியம் செய்த வேகத்தில் திரையில் வார்டன் சாந்தகுமாரி விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு ஓடினார். அடுத்த நொடி மாணவிகள் அலறியடித்து ஓடினார்கள். இடி இடித்தது.

மாணவிகள் ஓடியது கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க. அது வேறொரு நாள்.

“நான் பூனையத்தான தொரத்துனேன்” என்றார் வார்டன், யாரிடம் என்றில்லாமல்.

மரியாதைக்காகக் கூடம் சிரிப்பை அடக்கிக்கொண்டது. அடுத்து திரையில் மெஸ் சாம்பார் வந்தது. அதில், விடுதியில் யாரும் இதுவரை கண்டிராத முருங்கைக்காய் மிதந்தது. அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை.

இப்போது அவள் முறை.

திரையில் அவளும் அக்ஸீலியாவும் மெஸ் பெஞ்சில் அருகருகே. பேச்சில்லை. அக்ஸீலியா தண்ணீர் ஜக்கை நகர்த்துகிறாள். அவள் எடுத்து ஊற்றிக்கொள்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கனத்த குரல் குழைந்தது. பதினோராம் அறையில் சேர்ந்து வசிக்கும் புவிதாவுக்கும் அக்ஸீலியாவுக்கும் இடையே வார்த்தைகள் தேவைப்படுவதில்லை என்றது.

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

தேவைப்படாமல் இல்லை. இருவரும் பேசுவதில்லை. விடுதி முழுக்கத் தெரிந்த விஷயம் அது.

படப்பிடிப்புக்கு முன்பு நடந்த விடுதி விழாவில் மேடையேறி, அவள் அக்ஸீலியாவைப் போலப் பேசிக்காட்டினாள். அந்த நாகர்கோவில் இழுப்பு, ஆங்கிலத்தில் செமினார் எடுக்கும்போது வரும் திக்கல், துப்பட்டாவால் நெற்றியை ஒற்றுவது, எல்லாம். கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த அக்ஸீலியாவும் கடைசிவரை கைதட்டினாள். பிறகு அறைக்குப் போய்த் தன் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்கப் புவிதா பலமுறை வாயெடுத்தாள். வாயெடுக்கும்போதெல்லாம், பழக்கதோஷத்தில் அதே இழுப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

படம்பிடித்த வாரத்தில் சேனல்காரர் ஒருவர் அறை அறையாக வந்து ஒரு சண்டைக்காகக் கெஞ்சினார். “சின்னதா ஒண்ணு போடுங்கம்மா. சோப்புக்காகன்னாலும் பரவாயில்ல.” இரண்டு பேர் முயன்று பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

பதினோராம் அறையில் நிஜமான சண்டை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதன்மேல்தான் வயலினை வைத்திருந்தார்கள்.

திரையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முதுகு காட்டித் தூங்கினார்கள். புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டது. ‘உயிர்த்தோழிகள்’ என்று பூப்போட்ட எழுத்து வந்து விழுந்தது.

ஜன்னல் திட்டிலிருந்து ஒருத்தி சிரிப்பில் நழுவியே விழுந்தாள்.

அவள் மட்டும் திரும்பவில்லை. பின்னால், சுவரோரம், அக்ஸீலியா இருந்தாள்.

விளம்பரம் வந்தது. கூடவே போனும் வந்தது. தர்மபுரியிலிருந்து அம்மா.

“டிவில பாத்தம்மா. தெருவே நம்ம வூட்லதான் உக்காந்து பாத்துச்சி. எம்புள்ளைக்கு இப்பிடி ஒரு கூட்டாளியான்னு அழுவ வந்துடுச்சி. அந்தப் புள்ளகிட்ட போனக் குடு.”

“அம்மா, அது வந்து...”

“குடுன்னா குடு.”

யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் எழுந்தாள். நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போய்ச் சுவரோரம் நின்றாள். போனை நீட்டினாள்.

“அம்மா. உன்கிட்ட பேசணுமாம்.”

அக்ஸீலியா போனைப் பார்த்தாள். அவளைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

“சொல்லுங்கம்மா... நல்லா இருக்கேன்... அவளா? சாப்பிடுதா, நல்லா சாப்பிடுதா. கத்தரிக்காய மட்டும் பொறுக்கி ஓரமா வச்சிருவா.”

கூடம் காதைத் தீட்டிக்கொண்டது.

“இருமல்தான் இன்னும் விடல்ல. மிளகு பொடிச்சு அவ மேசையில வச்சேன். எறும்புப் பொடின்னு நெனச்சாளோ என்னவோ, தொடச்சுப் போட்டுட்டா.”

அவள் துடைத்துப் போட்டது மட்டுமல்ல, அறைக்குள் எறும்பு எங்கே என்று ஒரு நாள் முழுக்கத் தேடியும் இருந்தாள்.

“டிவில காட்டினதா?” அக்ஸீலியா கொஞ்சம் யோசித்தாள். “பாதிக்குப் பாதி சரிதான்மா.”

போன் திரும்பி வந்தது.

“தங்கமான புள்ள” என்றாள் அம்மா. “என்னா பேச்சு பேசுது. ஆனா ஏம்மா, டிவில ரெண்டு பேரும் ஒரு வார்த்தகூடப் பேசிக்கலியே. ஏன்?”

வார்டன் உட்பட எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“தப்பு என்மேலம்மா” என்றாள். முன்வரிசைவரை கேட்டது.

பக்கத்து நாற்காலியில் காய்ந்த துணிகளைக் குவித்து வைத்திருந்தாள் அக்ஸீலியா. ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்த நாற்காலியைக் காலிசெய்யத் தொடங்கினாள்.