தம்பியின் கிட்னி

வியாழக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வருகிற கிட்னி டாக்டர் டெஸ்ட் ரிசல்ட் கவரைப் பிரித்தார். பொருந்தக் கூடாது வேலப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

ஆமாம், வேண்டினேன். யாரிடம் மறைக்க?

கிட்னி கெட்டுப்போனது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி பெண்டாட்டி லீலாவுக்கு. நான் தருகிறேன் என்று குதித்துக்கொண்டு நிற்பவன் என் தம்பி காளீஸ்வரன். அம்மா போன பிறகு நான் ஊட்டி வளர்த்த உடம்பு அது. அதை அறுத்து அவளுக்குக் கொடுக்கிறானாம்.

போன மாதம் நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். எட்டிப் பார்த்தானா? அவளுக்கென்றால் பூண்டுக் காட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பூம்பாறைக்கும் மதுரைக்கும் பஸ் பஸ்ஸாக அலைகிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதுவும் ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளை பெத்துக் கொடுக்காதவளுக்கு!

“பொருந்தல,” என்றார் டாக்டர்.

அப்பாடா. வயிற்றில் பாலை வார்த்தார் மனுஷன்.

ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்தானே சார் என்று தவித்துப்போனான் தம்பி.

குரூப் ஒன்றுதான். ஆனால் லீலாவின் ரத்தத்தில் இவனை எதிர்க்கிற சக்தி ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறதாம். இவன் கிட்னியை வைத்தால் அன்றைக்கே அழித்துவிடுமாம். வெளியாளை ஒரு தடவை பார்த்துவிட்டால், உடம்பு வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்குமாம்.

பார்த்தியாடா, அவ உடம்புக்கே உன்னைப் பிடிக்கலை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் டாக்டர், அவளுக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டார். இல்லை என்றான் தம்பி. அப்படியென்றால் புருஷன் பிள்ளையைச் சுமந்ததில்தான் இது வந்திருக்கும், பிள்ளையில் பாதி தகப்பன்தானே என்றார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

“இவளுக்கா? வயித்துல ஒரு புழு பூச்சி கெடையாது சார்!” நான்தான் முந்திக்கொண்டேன்.

பிறக்கணும்னு இல்லம்மா, கலைஞ்சு போயிருந்தாலும் போதும் என்றார் டாக்டர்.

தம்பி அவளையே பார்த்தான். எப்போது என்று கேட்டான்.

லீலா வீங்கிய முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“உங்க மக வளைகாப்பு அன்னைக்கு வெள்ளனே, மதினி. மூணு மாசம். உறுதியாகட்டும்னு இவுககிட்டக்கூட சொல்லாம இருந்தேன். நல்ல காரியம் நடக்குற வீட்டுல எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு அப்படியே எந்திரிச்சு வளைகாப்புக்கு வந்துட்டேன்.”

அன்றைக்கு அவளும் ஒரு சோடி வளையலை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்தாள். நீ போடாதே என்று, அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கையைத் தட்டிவிட்டவள் நான்.