முபங்கா வங்கியின் முதலாளி

“சத்தியமாச் சொல்றேன் மேடம். அந்தம்மா முகத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை” என்றார் கசொண்டே. அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

மத்திய வங்கியிலிருந்து விசாரிக்க வந்திருந்த அதிகாரி நமுகோலோ, பேனாவைக் கீழே வைத்தார்.

“முதலாளி முகத்தைப் பார்க்காமலேயே ஆலோசகர் உத்தியோகமா?”

“எல்லாம் வக்கீல் மூலமாத்தான் மேடம்.”

“நம்ம ஊர் சொவேட்டோ சந்தையில கபெண்டா கருவாடு விக்கிற அம்மா. பேரு ஃபெலிஸ்டஸ் நொண்டே. அவங்க முழு பேங்கையும் வாங்கிட்டாங்க. அப்படித்தானே?”

“கருவாடு நல்லாப் போகுது மேடம்” என்று பக்கத்திலிருந்த வக்கீல் முவாபே எடுத்துக் கொடுத்தார்.

தாமிரச் சுரங்கத்தில் கூலி கொடுப்பதற்காக ஒரு வெள்ளைக்காரத் துரை ஆரம்பித்த வங்கி அது. சுதந்திரம் வந்ததும் மக்கள் சொத்து என்றார்கள். மக்கள் அதைக் கண்ணால் பார்ப்பதற்குள் ஜோகன்னஸ்பர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். அவர்களும் வழித்துத் துடைத்துக்கொண்டு கிளம்பியதும் கசொண்டேயின் கையில் வந்து விழுந்தது. இத்தனை கைமாற்றத்திலும் நேர்மையாகச் சம்பாதித்தவர் பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடித்தவர் மட்டும்தான்.

கசொண்டேக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. முன்பே ஒரு வங்கியைக் கவிழ்த்து, பணம் போட்டவர்களை நடுத்தெருவில் நிறுத்தியவர் அவர். இனி இந்த ஜாம்பியாவில் எந்த வங்கியும் அவர் பெயரில் இருக்கக்கூடாது என்று தடை. அதனால் பினாமி பிடித்தார். கைநாட்டு வாங்கக்கூட அவர் நேரில் போகவில்லை. மனைவி சிலுஃப்யாதான் போய் வாங்கி வந்தாள்.

அந்தச் சிலுஃப்யாவையும் மழைக்காலத்துக்கு முன்பே ‘கொஞ்சநாள் ஓய்வெடு’ என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போது அவர் வீட்டில் ன்ஷிமா களி கிண்டிப் போடுவது வேறொருத்தி, அவருடைய மூத்த மகளைவிடச் சின்னவள். அது குடும்ப விவகாரம், வங்கி விவகாரம் இல்லை என்பது அவர் கணக்கு.

“நல்லது” என்றார் நமுகோலோ. “நானே வண்டி அனுப்பி அந்தம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டேன். லிஃப்ட்ல ஏறிட்டாங்களாம்.”

கசொண்டேக்கு முகம் செத்துப்போயிற்று. எழுந்தார்.

“எனக்கு… ஒரு அவசர மீட்டிங் மேடம்.”

“உட்காருங்க. பேங்க் என்னோடதுன்னு அவங்க வாயால சொல்லிட்டா, நான் ஃபைலை மூடிட்டுப் போயிடறேன். வேற மாதிரி சொன்னாங்கன்னா சாயந்தரமே பேங்குக்கு சீல், உங்களுக்கு ஜெயில்.”

வக்கீல் காதோரம் குனிந்தார். “பயப்படாதீங்க சார். என்ன சொல்லணும்னு நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.”

“யோவ், பிரச்சினை அது இல்லைய்யா!”

அறைக்கு ஒரே கதவு. ஜன்னலுக்குக் கீழே ஆறு மாடி. கதவு திறந்தது, முதலில் கருவாட்டு வாசனை வந்தது, பின்னாலேயே ஒரு பூப்போட்ட சிட்டெங்கே துணியின் ஓரம் தெரிந்தது. அவ்வளவுதான். கசொண்டே கோட்டும் டையுமாகக் கூட்ட மேசைக்கு அடியில் பாய்ந்தார்.

வந்த கிழவியும் படக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பி, துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

நமுகோலோ ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“நானும் இந்த ஊர்க்காரிதான் மிஸ்டர் கசொண்டே. கோட்டு போட்ட ஆம்பளை ஒரு பொம்பளையைக் கண்டு மேசைக்கடியில புகுந்தா, வந்தது அவன் மாமியார்னு சின்னப் புள்ளைகூடச் சொல்லும்!”

அந்த ஊர் வழக்கப்படி, மாமியார் விருந்து சமைத்து, வீட்டுக்குள் வா என்று முறைப்படி அழைக்கும்வரை மருமகன் அவர் எதிரே வரக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது. மகள் சிலுஃப்யாவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் ஃபெலிஸ்டஸ் அம்மாளுக்கு அந்த விருந்தை வைக்க மனசு வரவில்லை. ஊரையே ஏமாற்றத் துணிந்த கசொண்டேக்கும் இந்த ஒரு வழக்கத்தை மீறத் துணிச்சல் இல்லை.

“மருமகனுக்காகத்தானேம்மா கைநாட்டு வெச்சீங்க?” நமுகோலோவின் குரல் இளகியிருந்தது. “உண்மையைச் சொல்லிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது.”

மேசைக்கடியில் கசொண்டே தனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் முணுமுணுத்தார்.

கிழவி சுவரை விட்டுத் திரும்பினார். பிறகு முகத்திலிருந்த துணியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேசையருகே வந்து, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, தொங்கிய விரிப்பைத் தூக்கினார்.

கசொண்டே இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். கிழவி பொத்தவில்லை. ஊசிப்போன மீனைப் புரட்டிப் பார்ப்பதுபோல, வழுக்கைத் தலையிலிருந்து பளபளக்கும் ஷூ வரைக்கும் ஆற அமரப் பார்த்தார். வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார். மருமகனை அப்படிப் பார்த்த மாமியார் அந்த ஊரிலேயே கிடையாது.

விரிப்பைக் கீழே விட்டு நிமிர்ந்து, கசொண்டே உட்கார்ந்திருந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார் ஃபெலிஸ்டஸ் அம்மாள்.

“மருமகனா இருந்தா நான் இப்படிப் பார்ப்பேனாம்மா? இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. பேங்க் என்னோடதுதான், சாவியை வாங்கிட்டு இவரை வெளியே அனுப்புங்க!”