ஒரு சட்டை போனால் போதும்

"வெளியில தடவிப் பாத்தா ஒண்ணும் தெரியாது சார். உள்ள கையை விடுங்க."

பட்டுவாயர் சட்டையின் கையைப் பிரித்துக் காட்டினார். எதிரில் நின்ற நெட்டை மனிதர் தயங்கித் தயங்கி அதற்குள் கையை விட்டார். விட்ட கையை அவர் உடனே எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் பட்டுவாயருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

பட்டுவாயர் என்பது அந்த ஜவுளிக்கடையில் மற்றவர்கள் வைத்த பெயர். பட்டைப் பற்றி ஆரம்பித்தால் மனிதருக்கு வாய் ஓயாது. கேட்டவர்கள் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் பருத்திச் சட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பட்டு என்றால் கல்யாணத்தில் மின்னுவதற்கு மட்டும்தான் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருக்கிறது. அது தினமும் உடுத்தச் சுகமான துணி என்று இவர் ஒருத்தர் மட்டும் நின்று கத்தினால் யார் காதில் விழும்?

காலையிலேயே முதலாளி மாடிக்குக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். இன்று கடை மூடுவதற்குள் ஒரு பட்டுச் சட்டையாவது போக வேண்டும். இல்லையென்றால் நாளை அந்தக் கவுண்டரில் வேறு ஆள் நிற்பார். பட்டுவாயர் பதறிப்போய், அந்த ஒன்றைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நம்ம ஆளுங்க எடுக்கிறது வியாபாரத்துல சேராதுங்க," என்றார் முதலாளி. "அது எனக்கு நானே வித்துக்கிற மாதிரி."

இத்தனை வயதுக்கு மேல் இன்னொரு கடைப்படி ஏறி வேலை கேட்பதா? மதியம் வரை ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் இந்த நெட்டை மனிதர் வந்தார். சாயங்காலம் ஓர் இண்டர்வியூவாம். பஸ் நெரிசலில் போட்டிருந்த சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது, மாற்றிக்கொள்ள ஏதாவது எடுங்கள் என்றார்.

என்ன வேலை என்று பட்டுவாயர் கேட்டார்.

"பேசுற வேலைதாங்க," என்று அவர் ஆரம்பித்தார். மேலே சொல்ல பட்டுவாயர் இடம் கொடுத்தால்தானே?

வெயிலில் இந்தத் துணி வியர்வையை வாங்கிக்கொண்டு சீக்கிரம் காய்ந்துவிடும், முதுகோடு ஒட்டிக்கொள்ளாது என்றார். அதுவே ஏசி அறையில் உட்கார்ந்தால் கதகதப்பாக இருக்கும். உரசாது, அரிக்காது, போட்டிருப்பதே தெரியாது. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. சென்ட்டை மட்டும் துணிமேல் அடித்துவிடக் கூடாது. இவ்வளவையும் கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்துத்தான் சொன்னார்.

"அப்ப நீங்க ஏங்க இதைப் போடல?"

"யூனிஃபார்ம் சார். நம்ம தலையெழுத்து நைலான்னு இருக்கு."

நெட்டை மனிதர் சிரித்துவிட்டார். இதுதான் சமயம் என்று பட்டுவாயர் தன் வித்தையை எடுத்தார். வாங்க வந்தவர் வாயாலேயே சரக்கைப் புகழ வைத்துவிட்டால், அப்புறம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு இதுவரை ஒருமுறைகூடப் பலித்ததில்லை என்பது வேறு விஷயம்.

"இப்ப நான் வாங்க வந்தவன், நீங்க விக்கிறவர். எங்க, எனக்குச் சொல்லுங்க பாப்போம்."

மற்றவர்கள் இந்த இடத்தில்தான் நழுவுவார்கள். இவரோ சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, கவுண்டருக்கு உள்பக்கமாக நின்று, நிஜமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலில் திக்கினார். எடுத்தவுடன் பேசக் கூடாது, துணியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பட்டுவாயர் திருத்தினார். இரண்டாவது தடவை அவர் சொன்னதைக் கேட்டபோது பட்டுவாயருக்கே ஒன்று வாங்கலாமா என்றிருந்தது. எல்லாவற்றையும் நாலு வார்த்தையில் முடித்துவிட்டாரே, நாம் ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்தச் சட்டையோடே பில் போட்டுக்கொண்டு, பட்டுவாயரின் இரண்டு கைகளையும் பிடித்து, இந்த உதவியை மறக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். பட்டுவாயருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு கவுண்டராகப் போய் விஷயத்தைச் சொன்னார். பருத்திக் கவுண்டரில் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கடை மூடும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடியேறிய பட்டுவாயருக்கு, சம்பள உயர்வைப் பற்றி இன்றே பேசலாமா, நாலு நாள் கழித்தா என்பது ஒன்றுதான் யோசனை.

முதலாளி அறையில் ஏசி உறைய வைத்தது. நனைந்த நைலானுக்குள் பட்டுவாயர் நடுங்கினார். எதிர் நாற்காலியில், பட்டுச் சட்டைக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருந்த நெட்டை மனிதர் மரியாதையாக எழுந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. சேல்ஸ் வேலைக்கு இண்டர்வியூன்னு கூப்பிட்டேன், என்கிட்டயே ஒரு சட்டையை வித்துட்டாரு மனுஷன்," என்றார் முதலாளி. "உள்ள கையை விடுங்கன்னாரு பாருங்க, அங்கயே விழுந்துட்டேன். இனிமே இவரும் நம்ம ஆளு. இவரு போட்டிருக்கிற சட்டையை ஸ்டாஃப் கணக்குல மாத்திப் போட்டுடுங்க. அது போக, இன்னிக்கு உங்க கவுண்டர்ல ஒண்ணாவது போச்சா?"